சென்றியில் அவிழ்ந்த கொண்டை

போன மாதம் ஒரு பிள்ளை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையைச் சால்வையால் மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். காதுக்கு மேலே மயிர் தும்புத்தடி மாதிரி விறைத்து, பாதியில் முறிந்து கிடந்தது. சிலும்பி நிற்கும் மயிரைப் படிய வைத்துத் தருகிறேன் என்று உங்களில் ஒருத்தி செய்த வேலை அது. யார் என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறபோது உனக்கும் தெரியும்.

மணப்பெண் அலங்காரத் தொழிலுக்கு வந்திருக்கும் இளையவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் ஆட்கள் முன்பே கேட்டார்கள். மறுத்துவிட்டேன். எனக்குத் தேன் தடவிக் கதைக்க வராது. இப்போது கோபம் வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எந்தக் கிறீமை எப்படிப் பூசுவது, எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. அதைச் சொல்ல நான் தேவையில்லை. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் தலை உங்கள் கையில் இருக்கும். தாய் ஒன்று சொல்வாள், மாமி ஒன்று சொல்வாள், படம் எடுக்கிறவன் ஒன்று சொல்வான். அந்த நேரத்தில் எதைச் செய்யாமல் நிற்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அது எந்தப் பெட்டியிலும் இல்லை.

எங்கள் காலத்தில் இந்த வேலை செய்பவளுக்குப் பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவள் என்று பெயர். நான் நீர்வேலியிலிருந்து சைக்கிளில் போய் வெளிக்கிடுத்தினேன். வலிகாமத்திலும் வடமராட்சிக் கரையிலும் நான் கொண்டை கட்டாத தெருவோ ஒழுங்கையோ குறைவு. என் கைக்கு அதிகம் வந்தவை அடர்ந்த தலைகள், அலையலையாக இறங்கி, கொஞ்சம் ஈரக்காற்றுப் பட்டாலே எழும்பி நிற்கிற தலைகள். அந்த மயிரை அடக்கிக் காட்டு என்று எல்லோரும் கேட்பார்கள். அடக்கு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அது மாடு இல்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது சந்திக்குச் சந்தி இந்திய ஆமியின் சென்றி, ஆட்களை மறித்துச் சோதிக்கிற காவலரண். ஊரடங்கு நினைத்த நேரத்துக்கு வரும். இளம் பெண்கள் சென்றியைக் கடக்கும்போது ஆமி முதலில் பார்ப்பது முகத்தை இல்லை, தலையை. இயக்கத்தில் சேர்ந்த பெட்டைகள் மயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மயிர் கொட்டியது. தகப்பன் மிச்சத்தைக் கட்டையாக வெட்டிவிட்டார். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளை மறித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு வாசலில் காய்ந்துகொண்டு நின்றார். பொழுதுபடுகிற நேரம்தான் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஆட்களோடு கதைத்ததை நான் காணவில்லை. ஒரு பெண்ணின் தலைமயிர் முறிவது அந்த வருடங்களில் அழகுப் பிரச்சினை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

தொண்டைமானாற்றில் வதனி என்ற பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வல்வெட்டித்துறை, கப்பலில் வேலை. தாலி கட்டிச் சில கிழமைகளில் திரும்பவும் கப்பலுக்குப் போய்விடுவான். தாய் இல்லாதவன். வீட்டை நடத்துவது அவனுடைய அக்கா புனிதம். ஆகவே வதனி கல்யாணம் கட்டுவது அவனை, குடியிருக்கப் போவது புனிதத்தோடு. இது வதனிக்கும் தெரியும், வதனியின் தாய்க்கும் தெரியும்.

ஊரடங்குக்குப் பயந்து நான் முதல் நாள் பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். புனிதமும் அங்கே வந்திருந்தாள். வதனியின் தலையை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாலும் அடங்காத அடர்த்தி. இடுப்புக்குக் கீழே இறங்கியது. அந்தக் கரைக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. அது பட்டதும் மயிர் முழுதும் புதர் மாதிரிப் பூத்துப்போய் நின்றது. எனக்கு அது நல்ல தலை. எண்ணெய் வைத்து, செவ்வரத்தம் இலைச் சாறு பூசி, பின்னிக் கட்டினால் அடுத்த நாள் மத்தியானம் வரை சொன்னபடி கேட்கும்.

புனிதம் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

“உது என்ன தலையோ, தாழம் பத்தையோ?”

வதனியின் தாய் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டார். புனிதம் கைப்பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து என்னிடம் நீட்டினாள். பற்பசைக் குழாய் அளவு. மேலே இருந்த எழுத்து எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து.

“தம்பி கப்பலாலை கொண்டுவந்தவன். உதைப் பூசினால் மயிர் பட்டு நூல் மாதிரிப் படிஞ்சு கிடக்குமாம். இண்டைக்கே பூசிவிடும்.”

“ஆருக்காவது பூசிப் பாத்ததோ?”

“பூசிப் பாக்கத்தானே உம்மைக் கூப்பிட்டது.”

“நாளைக்குத் தாலி கட்டு. இண்டைக்குப் பூசிப் பாக்கிற விளையாட்டுக்கு நான் வரமாட்டன்.”

“ஏன், பயமோ?”

“ஓம். பயம்தான்.”

அவள் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. நீங்களும் இப்படிச் சொல்லப் பழகுங்கள். பயம் இல்லை என்று காட்டத்தான் நீங்கள் பாதித் தலைகளைப் பாழாக்குகிறீர்கள்.

“இது முறிச்சுப் போட்டால் திருப்பி ஒட்டேலாது” என்றேன். “நாளைக்குப் பின்னேரம் உங்கடை வீட்டுக்குப் போற வழியிலை சென்றி இருக்கு. காதடியிலை கட்டை மயிரோடை போற பெட்டையை மறிச்சு என்ன கேப்பினமெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.”

புனிதம் குழாயை மேசையில் வைத்தாள்.

“படத்திலை என்ரை தம்பிக்குப் பக்கத்திலை உவள் பத்தைத் தலையோடை நிண்டால், ஊர் சிரிக்கிறது எங்களைப் பாத்துத்தான். அதையும் உம்முடைய பொறுப்பிலை வைச்சிரும்.”

போய்விட்டாள். தாய் குழாயை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வதனி கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அக்கா, கொஞ்சமாப் பூசினாலும் பிழையோ?”

“கொஞ்சமும் பூசாதை.”

“பள்ளிக்கூடத்திலை என்னைப் பத்தை எண்டுதான் கூப்பிடுறவை. இனி அங்கையும் அதுதான் பேர்.”

“பேர் போகும். மயிர் போனால் வராது. விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

கல்யாணப் பெண் சொல்கிற ஓமை நம்பாதீர்கள். அந்த வாரம் முழுக்க அவள் எல்லோருக்கும் ஓம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அது வாய் பழகிப்போன சொல்.

அடுத்த நாள் காலை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பொம்பிளையைத் தோய வார்ப்பதற்கு முன் பாலறுகு வைப்பார்கள். பெண்ணைப் பலகையில் இருத்தி, மாமன்மாரும் உரித்துக்காரரும் ஒவ்வொருவராக வந்து அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து உச்சியில் வைப்பார்கள். பிறகு கிணற்றடி. வெளிக்கிடுத்துகிறவளுக்கு இது எப்போதும் தலைவலி. முதல் நாள் படிய வைத்த மயிர் முழுதும் நனையும். அதைக் காய வைத்துக் கட்டி முடிக்கிற நேரத்துக்குள் மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிடுவான். அன்றைய முகூர்த்தமும் ஊரடங்கைப் பார்த்து முன்னுக்குத் தள்ளி வைத்த முகூர்த்தம்.

வதனியைப் பலகையில் இருத்தியிருந்தார்கள். தலையில் துவாய் சுற்றியிருந்தது. நான் கிட்டப் போனேன். அழுகிய முட்டை மணம் அடித்தது.

துவாயை எடுத்தேன்.

மயிர் நேராக விழுந்தது. ஒரு அலை இல்லை. ஒரு சிலும்பல் இல்லை. நனைந்த பட்டுத் துணி மாதிரி முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

“எடி, என்ன வடிவாப் படிஞ்சு கிடக்கு.”

“நீர்வேலியாளின்ரை கை எண்டால் கைதான்.”

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். அந்தத் தலை அதன் வாழ்நாளில் அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அந்த நேரம்தான் அது சாகக் கிடந்தது. நான் ஒரே ஒரு மயிரை எடுத்து இரண்டு விரலுக்கு இடையில் மெல்ல இழுத்தேன். இறப்பர் மாதிரி நீண்டது. விட்டேன். திரும்பிப் போகவில்லை.

தாய் சீப்போடு வந்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்தேன், பிறகு அந்த இடம் சிவந்து கிடந்தது.

“எப்ப பூசினனி?” என்று வதனியைக் கேட்டேன். “வதனி, எப்ப பூசினனி?”

“விடிய, நீங்கள் முகம் கழுவப் போன நேரம். அம்மா தலாணிக்குக் கீழைதான் அலுமாரித் திறப்பு வைக்கிறவ.” என் கையிலிருந்த துவாயைப் பிடித்தாள். “கழுவிப்போட்டன் அக்கா.”

“வடிவாக் கழுவினனியோ?”

“மேலாலை ரெண்டு வாளி ஊத்தினனான்.”

இரண்டு வாளி. அந்த அடர்த்திக்கு மேல் மயிர்தான் நனைந்திருக்கும். உள்ளே கிறீம் இன்னும் தின்றுகொண்டிருந்தது. அலசியே ஆக வேண்டும். அலசும் வரை ஒரு சீப்பு, ஒரு விரல் படக்கூடாது. கிறீம் மயிரை முறிப்பதில்லை, இளக வைக்கிறது. முறிப்பது அதற்குப் பிறகு படுகிற சீப்பு. இதை எத்தனை முறை சொன்னாலும் உங்களுக்கு ஏறவில்லை.

ஆனால் முன்னால் பாலும் அறுகும் காத்திருந்தன. பின்னால் உரித்துக்காரர் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு கையும் அந்த உச்சியைத் தொடப் போகிறது. நிற்பாட்டினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அது மாப்பிள்ளை வீட்டுக்கு மேளத்துக்கு முன்னமே போய்ச் சேரும்.

வதனியின் அம்மான் பாலில் அறுகைத் தோய்த்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். தாயின் தமையன். பெரிய உடம்பு, பெரிய கை.

“அம்மான், தலையிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது” என்றேன்.

“என்ன பிள்ளை கதைக்கிறீர்? பாலறுகு வையாமல் கல்யாணமோ?”

“நெத்தியிலை வையுங்கோ.”

“நெத்தியிலை வைக்க இதென்ன திருநீறோ?”

ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அவருடைய காதடிக்குப் போனேன். அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

“உங்கடை கை உச்சியிலை பட்டால், எடுக்கேக்கை அறுகோடை மயிரும் வரும். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை அதைப் பாக்க விருப்பமெண்டால் வையுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்து இருந்தாள். அவர் விபரம் ஒன்றும் கேட்கவில்லை. அறுகை உச்சிக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். ஒரு துளி பால் விழுந்தது. கையை எடுத்துவிட்டுத் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

“எங்கடை குடும்பத்திலை இப்பிடித்தான். துளி விட்டால் போதும். ஒருத்தரும் தொடக்கூடாது. வாங்கோ, கெதியா.”

அப்படி ஒரு வழக்கம் அந்தக் குடும்பத்தில் இருந்ததே இல்லை. யாரும் மறுத்துக் கதைக்கவில்லை. பெரியவர் ஒருவர் சத்தமாகச் சொன்னால் அன்றிலிருந்து அது வழக்கம்.

கிணற்றடியில் தாயையும் என்னையும் தவிர ஒருவரையும் விடவில்லை. அவளைக் குனிய வைத்துச் செம்பால் மெல்ல மெல்ல ஊற்றினேன். தாய் துலாவில் அள்ளிக்கொண்டே இருந்தார். பிசையவில்லை, கோதவில்லை. தண்ணீர் தன் பாட்டில் கொண்டுபோகட்டும் என்று விட்டேன். வழுவழுப்புப் போன பிறகு தேசிக்காயைப் பிழிந்து, அந்தப் புளியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அப்போதுதான் வலது காதுக்கு மேலிருந்து ஒரு கொத்து கழன்று, தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போனது. முழ நீளம் இருக்கும்.

தாய் அதைக் கண்டார். சத்தம் போடவில்லை. குனிந்து பொறுக்கி, லேஞ்சித் துணியில் சுற்றி, என் பையைத் திறந்து உள்ளே திணித்தார்.

“கொண்டுபோய் எங்கையாவது தூரத்திலை எறியுங்கோ. நல்ல நாளிலை வளவுக்கை கிடக்கக்கூடாது. புனிதத்தின்ரை ஆக்கள் கண்டால் என்ரை பிள்ளையை அங்கை வாழ விடமாட்டினம்.”

அதைப் பற்றி வாதாட நேரம் இருக்கவில்லை.

மயிரைக் காய வைக்க வேண்டும். கரண்ட் இல்லை. இருந்திருந்தாலும் அந்த மயிருக்கு நான் சூடு காட்டியிருக்க மாட்டேன். துவாயால் துடைக்கவும் முடியாது, துவாயின் நூல் மயிரைப் பிடித்து இழுக்கும். சமையல் பந்தலில் சோறு கட்ட வாழைக் குருத்தை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நீர்வேலி வாழைத் தோட்டங்களுக்குள் பிறந்து வளர்ந்தவள். பச்சை இலையில் கயர் இருக்கும், கறை பிடிக்கும். வாட்டிய குருத்தில் அது இல்லை. வழுக்கும், வளையும், ஒன்றையும் பிடித்து இழுக்காது. நாலைந்து குருத்தை வாங்கி ஆற வைத்தேன். அவளைக் கதிரையில் இருத்தி, மயிரைப் பிரித்துப் பிரித்து இலையில் படிய வைத்து, மேலே இன்னொரு இலையை மூடி, வாழைநாரால் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டேன். யன்னலால் சோளகக் காற்று அடித்தது. இலையின் இரண்டு பக்கத்தாலும் காற்றுப் போனது.

“இதென்ன, பொம்பிளையைச் சோத்துப் பொதி மாதிரிக் கட்டி வைச்சிருக்கு” என்று ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு வருகிறதுதான் பெரிய பாடு. சும்மா இருப்பது. மேளச் சத்தம் ஒழுங்கையால் வந்தது. தாய் வந்து “மாப்பிளை வந்திட்டார்” என்றார். அம்மான் வந்து “ஐயர் கேக்கிறார்” என்றார். எனக்குக் கை ஊறியது. இலையை அவிழ்த்துச் சீப்பை எடுத்து இரண்டு இழு இழுத்தால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். நான் கைகளைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். உங்கள் கைக்கு எத்தனை வேலை தெரியும் என்று யாரும் கேட்கட்டும். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியுமா என்று நான் கேட்கிறேன்.

காய்ந்தது. முழுக்க இல்லை, போதுமான அளவு. விரலால்கூடக் கோதாமல் தாழ்வாகக் கொண்டை போட்டேன். கிளிப் குத்தவில்லை, நூலால் தைத்தேன். சடைநாகம் வைக்கவில்லை, அந்த நகையின் பாரத்தை வேர் தாங்காது. இடப்பக்க மயிரை வலது காதுக்கு மேலாகக் கொண்டுவந்து வெறுமையை மூடினேன்.

புனிதம் அறைக்குள் வந்தாள். தலையை உற்றுப் பார்த்தாள். இலைக்குள் கிடந்ததால் மயிர் படிந்திருந்தது, ஆனால் பட்டு நூல் மாதிரி இல்லை. நெற்றியோரத்தில் அலை எழும்பத் தொடங்கியிருந்தது.

“நான் தந்தது பூசேல்லையோ?”

வதனி என்னைப் பார்த்தாள்.

“நான் பூசேல்லை” என்றேன்.

“நினைச்சனான்” என்று சொல்லிவிட்டுப் புனிதம் போனாள்.

தாலி கட்டி முடிந்தது. பின்னேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போக வேண்டும். வான் வண்டியில் முன்னுக்கு மாப்பிள்ளை. நடுவில் வதனியும் புனிதமும். அங்கே சீலை மாற்றிவிட வேண்டும் என்பதால் பின்னுக்கு நான். பாலம் தாண்டிச் சென்றியில் மறித்தார்கள். எல்லோரையும் இறக்கினார்கள். பைகளைக் கொட்டச் சொன்னார்கள்.

முதலில் என் பையிலிருந்து பவுடர், பொட்டு, நூல் கட்டை, கத்தரிக்கோல் விழுந்தன. கடைசியாக அந்த லேஞ்சி. அது பைக்குள் இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.

தமிழ் தெரிந்த ஒரு ஆமிக்காரன் குனிந்து எடுத்து விரித்தான். முழ நீள மயிர்க்கற்றை. பக்கத்தில் என் கத்தரிக்கோல். அவனுடைய முகம் மாறியது. மற்றவர்களுக்கு அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னான். துவக்குகளின் குழல்கள் எங்கள் பக்கம் உயர்ந்தன.

“யாரோட முடி இது?”

“வெட்டினது இல்லை. முறிஞ்சது.”

“எந்தப் பொண்ணுக்கு வெட்டிவிட்டே? எங்க அனுப்பி வெச்சிருக்கே?”

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஒருவன் துவக்கால் அவனை வானோடு சேர்த்துத் தள்ளினான். என்னை மட்டும் மணல் மூட்டைகளுக்குப் பக்கம் நடக்கச் சொன்னார்கள்.

நடந்துகொண்டே யோசித்தேன். அது பொம்பிளையின் மயிர் என்று சொன்னால் கொண்டையை அவிழ்ப்பார்கள். காதடியில் கட்டையாக நிற்கிற மயிரைப் பார்ப்பார்கள். நெருப்புக் காய்ச்சல் பிள்ளைக்கு நடந்ததுதான் கூறைச் சீலையோடு இவளுக்கும் நடக்கும். அதிலிருந்து தப்பினாலும், புனிதத்துக்கு முன்னால் எல்லாம் வெளிக்கும். சொல்லாவிட்டால் நான் உள்ளே போவேன், பதில் சொல்லும் வரை வெளியே வர மாட்டேன். எனக்கு ஒரு முடிவும் வரவில்லை. பெரிய அனுபவசாலி என்று என்னிடம் எழுதக் கேட்டீர்களே, அந்த இடத்தில் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

பின்னாலிருந்து வதனியின் குரல் கேட்டது.

“அது என்ரை மயிர்.”

அவள் மாலையோடு முன்னுக்கு வந்தாள். கை கொண்டைக்குப் போனது.

“இழுக்காதை” என்றேன். “நில். நான் அவிழ்க்கிறன்.”

ஆமிக்காரன் தலையசைத்தான். கத்தரிக்கோலை அவன் தரவில்லை. பல்லால் நூலைக் கடித்து, ஒவ்வொரு தையலாக அவிழ்த்தேன். கொண்டை இறங்கியது. கடற்கரைக் காற்று ஒரு கணம்கூடக் காத்திருக்கவில்லை. அவ்வளவு மயிரும் எழும்பி, பூத்து, பழைய பத்தையாக அவளைச் சுற்றி நின்றது. வலது காதுக்கு மேலே மட்டும் உள்ளங்கை அளவுக்குக் கட்டை மயிர்.

அவன் லேஞ்சியிலிருந்த கற்றையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான்.

“எப்படி ஆச்சு?”

“நேராக்கிறதுக்குக் கிறீம் பூசினனான். கல்யாணத்துக்கு.”

“கிறீமா? கதை விடறியா? யாரு குடுத்தா?”

வதனி நிலத்தைப் பார்த்தாள். அவன் மற்றவனிடம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினான்.

“நான்” என்றது புனிதத்தின் குரல்.

அவள் இன்னும் கொட்டாமல் வைத்திருந்த கைப்பையைத் திறந்தாள். அவசரத்தில் பையே விழுந்தது. குனிந்து எடுத்தாள், அதே மாதிரி ஒரு குழாய், இன்னும் திறக்காதது.

“தம்பி ரெண்டு கொண்டுவந்தவன். ஒண்டை நான்தான் உவளுக்குக் குடுத்தனான். மற்றது எனக்கெண்டு வைச்சிருந்தனான். எனக்கும் இதே தலைதான்.” தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “மணந்து பாருங்கோ.”

அவன் மூடியைத் திறந்து மூக்கில் வைத்தான். முகத்தைச் சுளித்தான். லேஞ்சியை மணந்தான். திரும்பவும் முகத்தைச் சுளித்தான். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ஊற்றியும் அந்த மணம் கற்றையை விட்டுப் போயிருக்கவில்லை. மற்றவனுக்கும் நீட்டினான். அவன் மணந்துவிட்டுச் சிரித்தான். துவக்குகள் இறங்கின.

“கல்யாணத்தன்னைக்கு ஏம்மா இந்த வேலை” என்றான். “போங்க, போங்க.”

வான் புறப்பட்டது. வதனி இரண்டு கையாலும் மயிரை அள்ளிக் கட்டப் போனாள்.

“கட்டாதை. இழுபடும்” என்றாள் புனிதம்.

அவள் மயிர் முழுவதையும் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். யன்னல் காற்று படாமல் சீலைத் தலைப்பால் மூடினாள். வீடு போய்ச் சேரும் வரை கையை எடுக்கவில்லை.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு அதிர்ச்சி. தலையை விரித்துக்கொண்டு ஒரு பொம்பிளை படலைக்குள் கால் வைப்பதை அவர்கள் செத்த வீட்டில் மட்டும்தான் கண்டிருப்பார்கள்.

“என்ன புனிதம் இது, தலைவிரி கோலமா? கட்டிவிட ஆளில்லையோ?”

“நான்தான் கட்டவேண்டாமெண்டு சொன்னனான். விளக்கு அணையப் போகுது, ஆரத்தியை எடுங்கோ.”

உள்ளே போனதும் என்னைச் சாமியறைக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எப்ப சீப்பு வைக்கலாம்?”

நான் அந்தத் தொழிலில் இருந்த வருடங்களில் ஒரு வீட்டுக்காரி என்னிடம் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

இனி உனக்கு. மற்றவர்கள் வாசித்தாலும் பரவாயில்லை.

அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டேன், பூசின பிறகு என்ன செய்தார்கள் என்று. “படியுதோ எண்டு அந்த அக்கா வாரி வாரிப் பாத்தவ” என்றாள். முறிந்த மயிரைக் கூட்டி, குப்பை வாளியில் போட்டு, மேலே கடதாசி போட்டு மூடினாயாம். பிறகு, உன் மயிர்தான் பழுது, என் மருந்து இல்லை என்று அவளுக்குச் சொன்னாயாம். அவள் அதை நம்பிக்கொண்டுதான் என் வாசலுக்கு வந்தாள். தன் தலையில்தான் பிழை என்று அழுதாள்.

புனிதம் நல்லவள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அவளுடைய வாய் கடைசி வரை மாறவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் நாலு துவக்குகளுக்கு முன்னால் நின்று ‘நான்’ என்று சொன்னாள். உனக்கு முன்னால் ஒரு துவக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பிள்ளை திரும்ப என்னிடம் வருகிறாள். நீயும் வா. சீப்பைக் கொண்டு வராதே.